4 லட்சம் ரூபாய்க்குள் குடும்பத்துக்கு ஒரு பழைய கார்: முதன்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

முதன்முறையாகப் பழைய கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வண்டியைத்தான் போய்ப் பார்க்கிறார்கள். பாலிஷ் போட்டு, டயருக்குக் கருப்புப் பூசி நிறுத்தியிருக்கும் காரில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) ஏதாவது இடித்தாலும் "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. குறைந்த பணத்தில் வாங்குபவர்களுக்கு இந்த வரிசை ஆபத்தானது. ஆவணம் முதலில், வண்டி அடுத்து, பணம் கடைசியில் என்று வைத்துக்கொண்டால், வேண்டாத வண்டிகள் பலவும் நீங்கள் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே கழிந்துவிடும். தமிழ்நாட்டில், நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு, 4 லட்சம் ரூபாய்க்குள் கார் தேடுபவர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறேன்.

படி 1: முழுப் பணத்துக்கும் வண்டி தேடாதீர்கள்

கையில் 4 லட்சம் இருந்தால், மூன்றரை லட்சத்துக்குள் முடியும் வண்டியைத் தேடுங்கள். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும், வாங்கிய ஓரிரு மாதங்களுக்குள் சர்வீஸ், பேட்டரி, காப்பீடு, பெயர் மாற்றம் என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். நான்கு டயர்களை மாற்ற வேண்டியிருந்தால், சிறிய காருக்கே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். கடனில் வாங்குவதானால், பழைய காருக்கான வட்டி புதிய காருக்கானதைவிடப் பொதுவாகக் கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் ஓட்டத்துக்கு எந்த வண்டி?

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டும் குடும்பத்துக்குப் பெட்ரோல் கார்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. டீசலில் மைலேஜ் கூடுதலாகக் கிடைத்தாலும், வயதான டீசல் வண்டியில் டர்போவோ இன்ஜெக்டரோ பழுதானால், எரிபொருளில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே பில்லில் போய்விடும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகை அளவு விதிப்படி வந்த டீசல் கார்களின் புகை வடிகட்டியோ, ஊருக்குள் குறைந்த தூரமே ஓட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும் இயல்புடையது.

மாருதி வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர், ஹூண்டாய் கிராண்ட் ஐ10, ஹோண்டா அமேஸ், டொயோட்டா எட்டியோஸ் ஆகியவற்றின் பெட்ரோல் வண்டிகளைத் தொடக்கக்காரர்கள் தயங்காமல் பார்க்கலாம். இவற்றின் வேலை சிறிய ஊர் மெக்கானிக்குகளுக்கும் பழக்கமானது. செவர்லே 2017இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த வண்டிகள் மலிவாகக் கிடைத்தால், உங்கள் ஊரில் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்ட பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மாடல் பெயரை மட்டும் பார்ப்பது போதாது, வேரியன்ட்டை (ஒரே மாடலில் வசதிக்கேற்ப மாறும் வகையை) பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் நடத்திய மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் 2019 ஏப்ரலில், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும், அந்த ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டிகளில் அடிப்படை வேரியன்ட்டுகள் பலவற்றில் இரண்டுமே இருக்காது. பத்தாயிரம், இருபதாயிரம் கூடக் கொடுத்தாவது இரண்டும் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

படி 3: வண்டியைப் பார்க்கும் முன் ஆவணங்களைக் கேளுங்கள்

விற்பவர் தனிநபரானாலும், புரோக்கரானாலும், ஆட்டோ கன்சல்டிங்கானாலும், ஆர்.சி., காப்பீட்டுப் பாலிசி இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஆர்.சி.யில் முதலில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். "2017 மாடல்" என்று சொல்லப்படும் வண்டி 2016இல் தயாராகி, ஷோரூமில் காத்திருந்து, 2017இல் பதிவானதாக இருக்கலாம். அப்படியானால் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஆய்வுக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், 12, 13 ஆண்டு ஆன வண்டியை வாங்குபவர் அந்தச் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். உரிமையாளர் வரிசையில் எத்தனையாவது கை என்பதையும், எரிபொருள் என்ற இடத்தில் வண்டியில் உள்ளதுதான் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பின்னாளில் எரிவாயு கிட் பொருத்தப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். டிசையர், எட்டியோஸ் போன்றவை டாக்சியாக மிகுதியாக ஓடியவை. டி-போர்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட வண்டியா என்பதைப் பதிவு விவரத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35உம் இருந்தால்தான் அந்தப் பதிவை நீக்க முடியும். புதுச்சேரி, கர்நாடகம், கேரளம் என்று வெளிமாநிலப் பதிவுள்ள வண்டியாக இருந்தால், அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும். விலை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் இந்தச் செலவைச் சேர்க்காததால்தான்.

காப்பீட்டுப் பாலிசியில் பலரும் முடிவுத் தேதியைத்தான் பார்க்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள தகவல் 'நோ கிளைம் போனஸ்' (இழப்பீடு கேட்காததற்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) என்ற வரியில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 20, 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தைத் தொடும். ஒரே கையில் ஆறு ஆண்டு ஓடிய, பாலிசி விடுபடாத வண்டிக்கு அந்த இடத்தில் பூஜ்யமோ 20ஓ இருந்தால், அண்மையில் பெரிதோ சிறிதோ ஓர் இழப்பீடு வாங்கப்பட்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். என்ன அடி, எங்கே வேலை செய்தார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

இத்துடன் மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு மேற்சொன்ன விவரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இ-சலான் தளத்தில் கட்டப்படாத அபராதம் உண்டா என்பதும் தெரிந்துவிடும். கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்து வைப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல என்பதால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் சர்வீஸ் வரலாற்றை உரிமையாளர் வழியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டாண்டுக்கு முன் 78,000 என்று பதிவான வண்டியின் மீட்டர் இன்று 61,000 காட்டினால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

படி 4: பகல் வெளிச்சத்தில் உடலைப் பாருங்கள்

காலை நேரத்தில், மழையில்லாத நாளில் போங்கள். நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, வண்டியை மெல்லச் சுற்றி வாருங்கள். கதவு, பானட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பானட்டைத் தாங்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால், அது ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை ஒவ்வோர் இரும்புப் பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி பூசப்பட்டிருக்கும். பம்பரில் பட்ட கீறலுக்காகவோ கதவில் விழுந்த பள்ளத்துக்காகவோ வண்டியைத் தள்ள வேண்டாம். நம் ஊர்ச் சாலைகளில் அதெல்லாம் இயல்பு. கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தால் தெரியும் பில்லரிலும் (கூரையைத் தாங்கும் தூணிலும்), பானட்டுக்கு அடியில் முன்புறச் சட்டத்திலும் வெல்டிங் செய்த அடையாளம் இருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அதைவிட மோசம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அதே 2023 டிசம்பரிலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அவற்றைக் கழுவிக் காயவைத்து, சீட் உறை மாற்றி விற்றுவிடலாம். ஆனால் ஒயரிங்கிலும் கனெக்டர்களிலும் நுழைந்த நீர், மாதங்கள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி சீட் பெல்ட். அதை மெல்ல இழுத்து, சுருளின் கடைசிச் சாண் வெளியே வரும்வரை கொண்டுவாருங்கள். அன்றாடம் வெளியே வராத அந்தப் பகுதி, வெளியே இருக்கும் பகுதியைவிடப் புதிதாகத்தான் தெரிய வேண்டும். அங்கே மண் நிறத்தில் ஒரு கோடு, விறைப்பு, பூஞ்சைப் புள்ளிகள், முகர்ந்தால் சேற்று வாடை ஆகியவற்றில் எது இருந்தாலும் நீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அதன் தண்டவாளத்திலும், டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியிலும் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியானால் கதவுகளின் அடி விளிம்பையும் கைவிரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (டயரின் மேடு பள்ளம்) மிச்சமிருந்தாலும் ஆறேழு ஆண்டு ஆன டயரை மாற்ற வேண்டியதாகவே கணக்கிடுங்கள்.

படி 5: ஆறிய இன்ஜினில்தான் உண்மை தெரியும்

பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெளுத்த பசை இருந்தாலும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், ஆயிலும் கூலன்ட்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கக் கூடும். இது பெரிய செலவுக்கான அறிகுறி. சாவியைத் திருப்பியதும் செக் இன்ஜின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க அந்த விளக்கையே துண்டித்திருக்கலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று சைலன்சரைக் கவனிக்கட்டும். நீலப் புகை ஆயில் எரிவதையும், விடாமல் வரும் வெண்புகை கூலன்ட் எரிவதையும் காட்டும். ஏ.சி.யைப் போட்டுப் பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். குளிர்ச்சி குறையாமலும், வெப்பமானி நடுவைத் தாண்டாமலும் இருந்தால் ரேடியேட்டர் மின்விசிறி வரை சரியாக வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

விற்பவர் காட்டும் வழியில் மட்டும் ஓட்டாமல், வேகத்தடை, மோசமான சாலை, ஒரு மேம்பாலம் ஆகியவை உள்ள வழியைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வட்டமடிக்கையில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டில் வேலை இருக்கிறது. பின்னால் வண்டி வராத இடத்தில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் அடிக்கும்போது, கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

இவற்றில் பல, சரிசெய்யக்கூடிய குறைகள்தான். குறித்துக்கொள்ளுங்கள்; விலை பேசும்போது உதவும். இதுவரை தேறிய வண்டியை மட்டும் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியையும், ஸ்கேனர் போட்டுப் பதிவான பழுதுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக்கின் சொல் போதாது. உங்கள் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

படி 7: விலை, பணம், பெயர் மாற்றம்

அதே ஆண்டு, அதே வேரியன்ட் உள்ள வண்டிகளின் விலையை விளம்பரங்களில் பார்த்து வைத்துக்கொண்டு, நீங்கள் குறித்த குறைகளுக்கான செலவைக் கழித்துப் பேசுங்கள். அட்வான்ஸ் சிறிய தொகையாக, ரசீதுடன் இருக்கட்டும். மீதியை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வண்டியை ஒப்புக்கொண்ட தேதியும் மணியும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்த மணிக்கு முன் பதிவான அபராதமோ விபத்தோ உங்கள் பொறுப்பில் வராமலிருக்க அதுவே ஆதாரம். அசல் ஆர்.சி., இரண்டு சாவிகள், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29இன் இரண்டு பிரதிகள், படிவம் 30 ஆகியவை கைக்கு வந்த பிறகே வண்டியை எடுங்கள்.

பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருப்பதால், விவரம் தெரிந்த விற்பனையாளர் தாமே இதில் அவசரம் காட்டுவார். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். முந்தையவரின் நோ கிளைம் போனஸ் அவருடனே போய்விடும் என்பதால், அந்த வித்தியாசத் தொகையையும் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பழைய ஃபாஸ்டாகை நீக்கிவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள்.

புதிய ஆர்.சி. வருவதற்குள் வண்டியை ஒருமுறை மெக்கானிக்கிடம் விட்டு, இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் அனைத்தையும் மாற்றி, அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்து, அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இல்லையென்றால், அதையும் அன்றே மாற்றிவிடுங்கள்; ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் வளைந்து, ஹெட்டையே கழற்ற வேண்டி வரும்.