புதிய சர்வருக்கு இயங்குதளப் பொருத்தம் பார்க்கும் முறை

சேலம் வட்டாரத்தில் நூற்பாலையோ மருத்துவமனையோ சர்வர் வாங்கும்போது, விலைப்புள்ளியில் ப்ராசஸர், ரேம், டிஸ்க் ஆகிய மூன்றும் விரிவாக இருக்கும். இயங்குதளமோ கடைசி வரியில் ‘லினக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லாக நின்றுவிடும். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு அப்படி வந்த சர்வரில், கணக்கு மென்பொருளுக்காக ரெட் ஹாட் 7-ஐ (லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றின் ஏழாம் பதிப்பு) நிறுவ முயன்றபோது, எட்டு டிஸ்க்குகள் செருகியிருந்தும் நிறுவல் திரை ‘டிஸ்க் எதுவும் இல்லை’ என்றது. டிஸ்க்கில் பழுதில்லை. 2014-இல் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கு, பல ஆண்டுகள் கழித்து வந்த, டிஸ்க்குகளை ஒருங்கே நிர்வகிக்கும் ரெய்டு கார்டை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனவே, விலை கேட்பதற்கு முன்பே மென்பொருளிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் ஈஆர்பி (கணக்கு, சரக்கு முதலியவற்றைக் கையாளும் நிறுவன மென்பொருள்) அல்லது டேட்டாபேஸை விற்றவர் எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்புக்கு ஆதரவு தருகிறார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பின் அந்த இயங்குதள நிறுவனத்தின் சான்றிதழ்ப் பட்டியலை, அதாவது அதனோடு சோதித்துச் சான்றளித்த வன்பொருள்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். ரெட் ஹாட், சூசே, உபுண்டு, விண்டோஸ் சர்வர் ஆகிய நான்குக்கும் இத்தகைய பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பட்டியலில் சர்வர் மாடலின் பெயர் இருப்பதைக் கண்டவுடன் மூடிவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒரே மாடல் இரண்டு தலைமுறை ப்ராசஸர்களோடு விற்கப்படலாம். சான்றிதழ் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இருக்கலாம். எந்த உட்பதிப்பு முதல் சான்று செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும்: ரெட் ஹாட் 9.4 முதல் என்று இருந்தால், கையில் உள்ள 9.2 நிறுவல் பென்டிரைவ் அந்த இயந்திரத்துக்கு ஆகாது. இங்கே கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ரெட் ஹாட் 9-இன் எல்லா உட்பதிப்புகளிலும் கெர்னல் 5.14 என்றே காட்டும். ஆனால் புதிய வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் ஒவ்வொரு உட்பதிப்பிலும் அதே கெர்னலுக்குள் கொண்டுவந்து சேர்க்கப்படுகின்றன. ஒரு பெரும்பதிப்பு பராமரிப்புக் கட்டத்துக்குப் போனபின் இந்தச் சேர்ப்பு பெரும்பாலும் நின்றுவிடும். ரெட் ஹாட் 8 அந்தக் கட்டத்துக்கு 2024 மே மாதமே போய்விட்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதற்காக அதைப் புதிய சர்வரில் ஏற்றுவது எனக்கு உகந்ததாகப் படவில்லை.

எதிர்த்திசையிலும் பொருத்தம் தவறும். ரெட் ஹாட் 10, ஏவிஎக்ஸ்2 என்ற கணக்கீட்டுக் கட்டளைகள் இல்லாத ப்ராசஸரில் இயங்காது. ஆகவே 2013-இல் வந்த, அந்தக் கட்டளைகள் இல்லாத ஜியான் இ5 இரண்டாம் பதிப்பு ப்ராசஸர் கொண்ட சர்வரை மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சந்தையில் வாங்கினால், 9-உடன் நின்றுவிட வேண்டியதுதான்.

பத்துப் பொருத்தத்தில் ஒன்பது கூடிவந்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சர்வரில் அந்த ரஜ்ஜு, ரெய்டு கார்டும் நெட்வொர்க் கார்டும்தான். இவ்விரண்டின் சரியான மாடல் எண்களையும் விலைப்புள்ளியில் எழுதச் சொல்லுங்கள். ‘அதற்கு இணையானது’ என்ற சொல்லை நீக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் சர்வர் என்றால் ப்ராசஸருக்குள் உள்ள கோர்களின் (கணக்கிடும் அலகுகளின்) எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள். உரிமம் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. 32 கோர் ப்ராசஸர் இரண்டு இருந்தால், இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகளை) மட்டுமே ஓட்டினாலும், பொதுவாக 64 கோர்களுக்கும் பணம் கட்ட வேண்டும்.

சர்வர் வந்து சேர்ந்ததும் இயங்குதளத்தை நிறுவ அவசரப்பட வேண்டாம். முதலில் டெல்லின் ஐடிராக், எச்பிஇ-யின் ஐலோ போன்ற மேலாண்மைப் பலகத்தின் வழியாக பயாஸ், ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, டிஸ்க் ஆகியவற்றின் ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை) தயாரிப்பாளர் சொல்லும் பதிப்புக்கு ஏற்றுங்கள். சர்வர் தொடங்கும் பூட் முறையை, பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ என்று வையுங்கள். நிறுவிய பின் மாற்றுவது பெரும்பாடு. டிஜிட்டல் கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்காமலே நிறுவுங்கள். கையொப்பமில்லாத வெளி டிரைவர் ஏதேனும் தேவைப்படுகிறதென்றால் அது அப்போதே தெரிந்துவிடும்.

நிறுவி முடித்தபின் லினக்ஸில் சாதனங்களையும் அவற்றின் டிரைவர்களையும் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ -k’ கட்டளையை ஓட்டி, டிரைவர் ஒட்டாத சாதனம் ஏதும் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். கெர்னல் பதிவில் நினைவகப் பிழைகள் உள்ளனவா என்றும், நெட்வொர்க் கார்டு அதற்குரிய முழு வேகத்தில் இணைந்திருக்கிறதா என்றும் சரிபாருங்கள். பின்னர் இரண்டு நாள் ப்ராசஸர், ரேம், டிஸ்க் மூன்றுக்கும் சேர்த்து முழுச் சுமை கொடுங்கள். கோளாறான ரேம் குச்சி ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் தலைகாட்டுவதைவிட, இப்போதே தலைகாட்டுவது நல்லது.

மென்பொருள் பழைய பதிப்பைத்தான் கேட்கும் என்றால், அதற்கும் வழி உண்டு. சான்று பெற்ற புதிய இயங்குதளத்தை வன்பொருளில் நிறுவி, பழையதை அதன்மேல் மெய்நிகர் இயந்திரமாக ஓட்டலாம். அப்போது பழைய இயங்குதளம் உண்மையான ரெய்டு கார்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. அந்த ஜவ்வரிசி ஆலைச் சர்வர் இன்று இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ரெட் ஹாட் 7-க்கான வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால், அந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. அலுவலகத்தின் நான்கு கணினிகள் மட்டுமே அதை அணுக முடியும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். சேலத்தின் சித்திரை வெயிலில் ஏசி நின்றால் அறை எவ்வளவு விரைவில் கொதிக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பதே பரிந்துரை. ஏற்காட்டில் காபித் தோட்ட அலுவலகம் வைத்திருப்பவர்கள், மலைக்குளிர் போதும் என்று எண்ணுவதுண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் விசிறி தள்ளும் காற்றும் குறைவாகவே வெப்பத்தை எடுத்துச்செல்லும். பொதுவாக 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலையில் ஒரு டிகிரியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; அங்கே அது இரண்டு டிகிரி ஆகிறது. ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிர்விக்கவும் கூடாது, ஏனெனில் மார்கழியில் பனிமூட்டம் அதே ஜன்னல் வழியாக ரேக்குக்குள் வந்துவிடும்.