3.5 என்றால் எந்த 3.5?

கோயமுத்தூரில் கியர் பம்ப் விற்கிறோம். பம்ப் கேட்டு யார் வந்தாலும் முதலில் விஸ்காசிட்டி, அதாவது சரக்கு எவ்வளவு கெட்டியாக ஓடும் என்ற அளவு, எவ்வளவு என்றுதான் கேட்பேன். ஒருவர் பாய்ஸ் என்ற அலகில் சொல்வார், இன்னொருவர் பாஸ்கல் செகண்ட் என்ற அலகில் சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரெசின் பம்புக்கு வந்த தாளில் 3.5 என்று மட்டும் இருந்தது. சென்டிபாய்ஸ் (பாய்ஸில் நூறில் ஒரு பங்கு) என்று நானே முடிவு கட்டி, 1440 ஆர்.பி.எம். மோட்டாரை நேராகக் கோத்துக் கொடுத்துவிட்டேன். ஓடவிட்டதும் மிக்ஸியில் ஜல்லியைப் போட்டது போல் ஒரு சத்தம். சரக்கு உள்ளே இழுபடவே இல்லை. அது 3.5 பாஸ்கல் செகண்ட், அதாவது 3500 சென்டிபாய்ஸ். கியர்பாக்ஸ் போட்டு வேகத்தைக் குறைத்த பிறகுதான் ஓடியது.

அன்றிலிருந்து எது வந்தாலும் சென்டிபாய்ஸுக்கு மாற்றி நோட்டில் எழுதிவிட்டுத்தான் மறுவேலை. பாஸ்கல் செகண்டை 1000-ஆல் பெருக்குங்கள், பாய்ஸை 100-ஆல். மில்லிபாஸ்கல் செகண்ட் வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், சென்டிபாய்ஸும் அதுவும் ஒன்றே. பழைய அமெரிக்கத் தாள்களில் பவுண்டு வரும், அங்கே உஷார். ஒரு அடி-செகண்டுக்கு இத்தனை பவுண்டு நிறை என்றிருந்தால் 1488-ஆல் பெருக்க வேண்டும். பவுண்டு விசையை செகண்டால் பெருக்கிச் சதுர அடியால் வகுத்த அலகு என்றால் 47,880. இரண்டுக்கும் 32 மடங்கு வித்தியாசம்.

சென்டிஸ்டோக்ஸ் வேறு சாதி. அதில் அடர்த்தியும் கலந்திருக்கிறது. வி.ஜி. 320 (வி.ஜி. என்றால் விஸ்காசிட்டி கிரேடு) கியர் ஆயில் 40 டிகிரியில் சுமார் 320 சென்டிஸ்டோக்ஸ். அந்தச் சூட்டில் அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.88 கிராம் என்றால், 320 × 0.88, ஏறக்குறைய 282 சென்டிபாய்ஸ். பெயின்ட்காரர்கள் 'கப்பில் 25 செகண்ட்' என்பார்கள், அடியில் ஓட்டையுள்ள கப்பிலிருந்து பெயின்ட் வடிய ஆகும் நேரம் அது. அதைப் பெருக்கி மாற்ற முடியாது, அந்தக் கப்புக்கான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு முடிந்ததும் விடையைக் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள். 20 டிகிரியில் தண்ணீர் 1 சென்டிபாய்ஸ். 25 டிகிரியில் விளக்கெண்ணெய் 650, 700 வரும். விளக்கெண்ணெயைவிடக் கெட்டியான சரக்குக்கு விடை 3.5 என்று வந்தால், எங்கோ ஆயிரம் விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம், எந்த டிகிரியில் அளந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மார்கழிக் காலையில் அதே விளக்கெண்ணெய் 1000-ஐத் தொட்டுவிடும்.