லினக்ஸில் பிரிட்ஜ் அமைப்பது எப்படி: முதலில் திட்டம், பிறகு கோப்பு

உங்கள் கணினியில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் (விஎம்) ரவுட்டரிடமே நேரடியாக ஐபி வாங்க வேண்டுமா? அதற்குத்தான் பிரிட்ஜ். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் அது. டெபியன் என்ற லினக்ஸில், நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி சேவையை வைத்து அமைப்போம். கீழே வரும் பெயர்களையெல்லாம் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

படி 1: தாளில் வரையுங்கள். நடுவில் பிஆர்0 என்ற பிரிட்ஜ். ஒரு பக்கம் வயர் செருகும் நெட்வொர்க் கார்டு, மறுபக்கம் விஎம்களை பிரிட்ஜோடு இணைக்கும் மென்பொருள் கார்டுகளான டேப் இடைமுகங்கள். விஎம்முக்குப் பதில் கன்டெய்னர் (தனித்து ஓடும் நிரல் பெட்டி) என்றால், டேப்புக்குப் பதில் வீத் ஜோடி (மென்பொருள் கேபிளின் இரு முனைகள்). ஐபி முகவரியை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். பிரிட்ஜில் சேர்ந்த கார்டு வெறும் போர்ட்தான், அதற்கு ஐபி வேண்டாம். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். வைஃபை கார்டை இதில் சேர்க்க நினைக்காதீர்கள். வைஃபை தரும் அக்சஸ் பாயின்ட் பொதுவாக அந்தக் கார்டின் மேக் முகவரியை (கார்டின் அடையாள எண்) மட்டுமே ஏற்கும், விஎம்களுடையதை அல்ல.

படி 2: ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோப்பு. பிரிட்ஜை உருவாக்க ஒரு நெட்டெவ் கோப்பு. கார்டின் மேக் முகவரியை அதிலேயே கொடுத்துவிட்டால் ரவுட்டர் பழைய ஐபியையே தர வாய்ப்பு அதிகம். பிரிட்ஜுக்கு டிஹெச்சிபி (ரவுட்டரிடம் ஐபி கேட்டு வாங்கும் முறை) சொல்ல ஒரு நெட்வொர்க் கோப்பு, கார்டை பிரிட்ஜில் சேர்க்க இன்னொன்று. கடைசியாக, 'டேப்' என்று தொடங்கும் எல்லாப் பெயருக்கும் நட்சத்திரக் குறியோடு பொருந்தும் ஒரு கோப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாளைக்கு புது விஎம் வந்தால் அதன் டேப் தானாகவே பிரிட்ஜில் சேர்ந்துவிடும், வேறு எந்தக் கோப்பையும் தொட வேண்டாம்.

கோப்புப் பெயர்கள் 10, 20, 30 என்று தொடங்கட்டும். அந்த வரிசையில்தான் அவை பார்க்கப்படும்; ஒரு இடைமுகத்துக்கு முதலில் பொருந்தும் நெட்வொர்க் கோப்பு மட்டுமே செல்லுபடியாகும். இடைமுகப் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது.

படி 3: மாற்றும்போது எஸ்எஸ்ஹெச் இணைப்பு (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) அறுந்துபோகலாம். திரையும் விசைப்பலகையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கார்டுக்கான பழைய அமைப்பை நீக்கிவிட்டு நெட்வொர்க்டியை இயக்குங்கள்.

படி 4: 'பிரிட்ஜ் லிங்க்' கட்டளை கொடுங்கள். ஒவ்வொரு போர்ட்டும் 'ஃபார்வர்டிங்' (பாக்கெட்டுகளைக் கடத்துகிறது) என்று காட்ட வேண்டும். எஸ்டிபி (நெட்வொர்க் சுழலைத் தடுக்கும் வசதி) போட்டிருந்தால் வழக்கமான அமைப்பில் அதற்கு 30 விநாடி ஆகும், பதறாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் விஎம்முக்கு ஐபி வரவில்லையா? அதே கணினியில் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் இருக்கிறதா பாருங்கள். அது ஃபயர்வாலில், கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்ட் விதியை 'டிராப்' (தடு) ஆக்கியிருக்கலாம். பிரிட்ஜ் பாக்கெட்டுகளை ஃபயர்வாலுக்குக் காட்டும் பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூலும் ஏறியிருந்தால் பிரிட்ஜ் வழியாகப் போகும் பாக்கெட்டுகளும் அதில் மாட்டும். பிஆர்0-க்கு அனுமதி தரும் ஒரு விதியைச் சேர்த்தால் போதும்.