கழற்றும் கைக்கு ஏற்ற நகைப்பெட்டி

நகைகளை ஒழுங்குபடுத்தப் புதுப்பெட்டி வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு கிழமைக்கு, வீட்டுக்கு வந்ததும் தோட்டையும் சங்கிலியையும் எங்கே கழற்றி வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். சாமித்தட்டா, அலுமாரி லாச்சியா, தலையணைக்குக் கீழா? கை பழகிய அந்த இடத்தில்தான் பெட்டி இருக்க வேண்டும். கிணற்றுக்கட்டு மட்டும் விலக்கு. விறகடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கல்லின் ஒளியை மங்கச் செய்துவிடும்.

பிறகு வெள்ளைத் துணியொன்றை விரித்து, இருப்பதையெல்லாம் அதில் கொட்டித் தங்கம், வெள்ளி, முத்தும் கல்லும், கவரிங் என நான்காகப் பிரியுங்கள். 22 கரட்டில் 91.6 வீதம் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். தங்கம் மென்மையான உலோகமாதலால் வைரமோ நீலக்கல்லோ உரசினால் கீறல் விழும். கவரிங்கின் பூச்சு தேய்ந்தால் உள்ளிருக்கும் பித்தளை பச்சை பிடித்து, பக்கத்தில் கிடப்பதிலும் ஒட்டும். வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மம். றப்பர் பாண்டிலும் கந்தகம் இருக்கிறது, கொலுசை அதனால் கட்டவே கூடாது.

வந்ததும் கழற்றி எறிகிற ஆளென்றால் மூடியுள்ள ஒரு சிறு கிண்ணம் போதும். அடியில் பருத்தித்துணி போட்டு, அன்றாடம் போடுவதை மட்டும் அதில் வையுங்கள். சனிக்கிழமைகளில் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தோட்டுச் சுரைகளை எண்ணுங்கள். தோடு தொலைவதற்குப் பெரும்பாலும் சுரை தளர்ந்ததே காரணம், பத்தரிடம் கொடுத்தால் சரிசெய்து தருவார்.

சீலைக்கு ஏற்ற தோடு தேடுகிற ஆளுக்கு எல்லாம் கண்ணில் பட வேண்டும். தடுப்புகள் உள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி எடுங்கள். பழைய சட்டைப் பொத்தானின் இரு துளைகளில் ஒரு சோடித் தோட்டைக் குத்தினால் சோடி பிரியாது. மெல்லிய சங்கிலியின் ஒரு நுனியைக் குளிர்பானக் குழாய்க்குள்ளால் விட்டு வெளியே எடுத்துக் கொளுவிவிட்டால் சிக்காது. சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். தட்டில் பௌடர் தூவி, முடிச்சை அதில் வைத்து இரண்டு ஊசிகளால் மெல்லத் தளர்த்துங்கள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுப்பவர்கள் நீண்டகாலச் சேமிப்பைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வன்னியில் கெடுதல் நடப்பது கூடுதலாக ஐப்பசி தொடங்கித் தை வரையான மழைக்காலத்தில். கடைப்பெட்டியிலுள்ள ஸ்பொஞ்ச் சூட்டிலும் ஈரத்திலும் உதிர்ந்து பிசினாகி நகையில் ஒட்டும், அதைக் கழற்றி எறியுங்கள். மலிவான சிவப்பு வெல்வெட் சாயம் விடும். ஒவ்வொரு நகையையும் தனித்தனியே சாயமில்லாத வேட்டித் துணியில் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள தகரப்பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பனையோலை மூடற்பெட்டி அழகுதான், ஆனால் மழையில் பூஞ்சணம் பிடிக்கும். முத்தை மட்டும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டாம், துணிப்பையில் தனியே வையுங்கள்.

உள்ளே வைக்கமுன் கழுவுவது அவசியம், வியர்வை உப்போடு போனால் கறை படியும். இளஞ்சூட்டு நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய தூரிகை, பத்து நிமிடம். புளியும் எலுமிச்சையும் முத்தை அரிக்கும். அரக்கு நிரப்பிய காப்பையும் ஒட்டுக்கல் அட்டியலையும் ஊறவே விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல், காய்ந்தால் கல்லில் வெண்படலம் நிற்கும். ஆகவே கடைசி அலசல் மழைநீரில், அல்லது குடிக்க வாங்கும் வடித்த தண்ணீரில். ஒரு இரவு முழுக்கக் காய்ந்த பிறகே சுற்றுங்கள்.

இடம்பெயர்வுகளில் நகையோடு சிட்டையையும் இழந்த வீடுகள் வன்னியில் ஏராளம். அதனால் நகையை அளவுகோலோடு சேர்த்து முன்னும் பின்னும் படம் எடுங்கள், முத்திரை தெரியும்படி கிட்டவும் ஒன்று. கொப்பியில் நிறையைக் கிராமில் எழுதுங்கள். பவுணுக்கு 8 கிராம் என்று கணக்கிட்டாலும், பத்தர் தராசில் நிறுத்த எண்ணைத்தான் எழுத வேண்டும். அடைவு வைத்ததை வேறு பக்கத்தில், மீட்கும் திகதியோடு. கொப்பியும் அடைவுச் சிட்டையும் நகைப்பெட்டிக்குள் வேண்டாம், காணி உறுதியோடு வையுங்கள். படங்களை வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.