குளிர்கால ட்ரவுட்: கொடுவா பிடித்த கை செய்யும் தவறுகள்

முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் கொடுவா பிடித்துப் பழகியவருக்கு மார்கழி ஒரு பொருட்டே இல்லை. சென்னைக் கடல் அப்போதும் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் ஓடையிலோ குளிர்காலத்தில் 4, 5 டிகிரிதான். அங்கே வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பலர் மீன்பிடிக்கத் தெரியாதவர்கள் அல்ல. நம் ஊர்த் தண்ணீருக்குப் பழகிய கை அங்கேயும் அதே வேலையைச் செய்துவிடுகிறது.

முதல் தவறு டிக்கெட் போடும்போதே நடக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குத் தீர்த்தன் பள்ளத்தாக்குக்கு ராடோடு கிளம்பினால் ராடு பையை விட்டு வெளியே வராது. இமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. காஷ்மீரிலும் குளிர்காலத்தில் தடைதான். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது. ஆனால் மேல்மலை நீர்நிலைகள் பல வனத்துறை எல்லைக்குள் இருப்பதால், மீன்வளத்துறை, வனத்துறை இரண்டிடமும் கேட்காமல் கிளம்பக் கூடாது. ஆக, நம்மவர்களுக்குக் குளிர்கால ட்ரவுட் பெரும்பாலும் வெளிநாட்டில் மகனோ மகளோ இருக்கும் ஊரில்தான் வாய்க்கிறது. பிரிட்டனில் ஆற்றுப் பழுப்பு ட்ரவுட்டுக்குக் குளிர்காலத் தடை உண்டு. ரெயின்போ என்ற இன்னொரு வகை ட்ரவுட்டை வளர்த்து விடும் ஏரிகள் பல ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மாப்பிள்ளையிடம் லைசென்ஸ் இருந்தால் போதாது, உங்கள் பெயரில் தனியாக எடுக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இருட்டு பிரியுமுன் கரையில் நிற்பது நம் வழக்கம். குளிர்காலத்தில் விடியற்காலைத் தண்ணீர்தான் நாளிலேயே மிகக் குளிர்ந்தது. ட்ரவுட்டின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். 10 முதல் 16 டிகிரிவரை நன்றாக மேயும் மீன், 5-க்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிக் கிடந்த இடத்திலேயே கிடக்கும். காலை 11 முதல் மாலை 3 வரை வெயில் விழும் பக்கமாகப் போடுங்கள். ஒரு டிகிரி ஏறினாலே வித்தியாசம் தெரியும். நூலில் கட்டி இறக்கும் சின்ன வெப்பமானி விலை உயர்ந்த லூரைவிட (செயற்கை இரை) உதவும்.

இடத்திலும் இதே கணக்குதான். கோடையில் மீன் நிற்கும் வேகமான, நுரைக்கும் நீரில் இப்போது நிற்க அதற்குத் தெம்பு இல்லை. நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நீர் ஓடும் ஆழமான மடு, பெரிய பாறையின் பின்பக்கம், இரண்டு ஓட்டம் சேரும் ஓரம் ஆகிய இடங்களில் அடியை ஒட்டிக் கிடக்கும். இரையைத் தேடி அது வராது. இரைதான் அதன் வாய்க்கு நேரே போக வேண்டும்.

தூண்டில் அடியைத் தொடாமல் மிதந்து போவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. முள்ளுக்கு 20, 30 செ.மீ. மேலே சின்ன ஈயக்குண்டு ஒன்றைத் தூண்டில் நரம்பில் இறுக்கிவிட்டு ஓட்டத்தில் விடுங்கள். நாலைந்து முறை விட்டும் ஒருமுறைகூட அடி தட்டவில்லை என்றால் இன்னொரு குண்டு சேருங்கள். ஒவ்வொரு முறையும் சிக்கினால் ஒன்றைக் கழற்றுங்கள். லூர் என்றால் 3 முதல் 5 கிராம் ஸ்பின்னர் (சுழலும் தகடு வைத்த லூர்) போதும். கொடுவாவுக்குச் சுற்றும் வேகத்தில் ரீலைச் சுற்றினால் ட்ரவுட் திரும்பிக்கூடப் பார்க்காது. தகடு நின்றுவிடாமல் சுழலும் அளவு வேகமே போதும். பூச்சிபோல் முள்ளில் இழை கட்டிப் பிடிக்கும் பூச்சித் தூண்டிலில் 18 முதல் 22-ஆம் எண் முள்ளில் கட்டிய சின்னப் புழு வடிவங்கள் எடுபடும். குளிர்காலத்தில் நீரில் கிடைக்கும் இரையே அந்த அளவுதான்.

முப்பது பவுண்டு பிரெய்டையும் (பின்னல் நூல்) முள்ளுக்கு முன்னால் கட்டும் ஸ்டீல் லீடரையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். தெளிந்த குளிர் நீரில் கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். பிரெய்டு தண்ணீரை உறிஞ்சி, ராடின் வளையங்களில் பனிக்கட்டியாக உறைவது இன்னொன்று. 4 முதல் 6 பவுண்டு நைலான் நரம்பு போதும். அப்படியும் வளையத்தில் பனி கட்டினால் நகத்தால் சுரண்டாதீர்கள், உள்ளே இருக்கும் பீங்கான் கழன்றுவிடும். ராடின் நுனியைத் தண்ணீரில் முக்கினால் கரைந்துவிடும். முடிச்சுகளை வீட்டிலேயே கட்டி எடுத்துப் போங்கள். விறைத்த விரலால் போடும் முடிச்சு பாதி இறுகி நிற்கும், மீன் இழுத்ததும் அவிழும்.

கடி வந்ததும் கொடுவாவுக்கு வெட்டுவதுபோல் ராடைச் சடாரென்று வெட்டி இழுத்தால் நரம்பு அறும், இல்லையென்றால் வாய் கிழியும். குளிரில் கடி சுண்டி இழுக்காது. நரம்பு சற்றுக் கனத்தது போலவோ தக்கை ஒரு கணம் தயங்கியது போலவோ தான் தெரியும். அப்போது ராடின் நுனியை ஒரு சாண் உயர்த்தினால் போதும். டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் இறுக்கம், நரம்பின் பலத்தில் கால் பங்கு இருக்கட்டும்: நாலு பவுண்டு நரம்புக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

உடுப்பில் மெத்தனம் உயிருக்கே ஆபத்து. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே செயற்கை இழையோ கம்பளியோ போடுங்கள். காலுறையை இரண்டு மூன்றாகத் திணித்தால் பூட் இறுகி ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். வேடர் (காலோடு சேர்ந்த நீர்புகா உடுப்பு) போட்டு ஆற்றில் இறங்கினால் இடுப்புப் பெல்ட் கட்டாயம். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதை அதுதான் மட்டுப்படுத்தும். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு திணறும், பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. மெரினாவில் அலைக்குள் நின்ற பழக்கம் இங்கே உதவாது. தனியாக இறங்காதீர்கள், முழங்காலுக்கு மேலே போகத் தேவையில்லாத இடமாகப் பாருங்கள்.

காலை எங்கே வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பாசி படிந்த கூழாங்கல் பரப்பின் நடுவே வெளிறிச் சுத்தமாகத் தெரியும் வட்டம், பழுப்பு ட்ரவுட் முட்டையிட்ட குழி. அதை மிதித்தால் உள்ளே இருக்கும் முட்டைகள் நசுங்கும். பிடித்த மீனை விடுவதானால் கம்பளிக் கையுறையோடு தொடாதீர்கள், அதன் வழவழப்பு உரிந்துவிடும். வெறுங்கையை நனைத்து, மீன் தண்ணீரில் இருக்கும்போதே முள்ளைக் கழற்றுங்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் போட்டோவுக்காகத் தூக்கிப் பிடித்தால் செவுள் உறையத் தொடங்கிவிடும்.