பரணில் ஏறும் முன் வாசலைப் பாருங்கள்

வேலூர் காகிதப்பட்டறையில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்தின் தலைக்குமேல் முழு நீளத்துக்கு ஒரு பரண். முன்னறையில்தான் என் தையல் மெஷின். இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் மற்ற வீடுகளைவிடத் துணி கொஞ்சம் கூடுதலாகவே சேரும்.

முதல்முறை பரணைக் காலி செய்ய நான் ஏறியது ஒரு சித்திரை மாதம். அதுவே தப்பு. வேலூர் வெயிலில், மூன்றடி உயரப் பரணுக்குள் குனிந்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசிக்கிற புத்தியே போய்விடும். எல்லாவற்றையும் எட்டு மூட்டையாகக் கட்டித் திண்ணையில் வைத்தேன். யாருக்காவது கொடுக்கலாம், எங்காவது போடலாம் என்று நினைப்பு. இரண்டு மாதம் அங்கேயே கிடந்தன. ஆடியில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று வீட்டுக்காரர் ஒவ்வொன்றாய்த் தூக்கி மறுபடியும் பரணிலேயே போட்டார். கட்டைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் முறையை மாற்றினேன். இப்போது மார்கழியில், போகிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறேன். பரணில் கை வைக்கும் முன், எது எந்த வழியாக வெளியே போகும் என்று விசாரித்து வைத்துக்கொள்வேன். பழைய பேப்பர் கடையில் எந்த நாள் வண்டி அனுப்புவார்கள், லாங்கு பஜார் பாத்திரக் கடைகளில் பழைய பித்தளை கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள், தெரிந்தவர்களில் யாருக்கு மிக்சி தேவை, இதெல்லாம். இறக்கிய பொருள் அன்று இருட்டுவதற்குள் வாசலைத் தாண்ட வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வகைதான். துணி என்றால் துணி மட்டும்.

துணியிலும் ரவிக்கைத் துண்டில் தொடங்குங்கள். அதைக் கொடுத்தால் வீட்டில் யாருக்கும் மனவருத்தம் வராது. வெற்றிலைப் பாக்கோடு வைத்துக் கொடுக்கிற துண்டு 80 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிது. முழங்கை வரை கை வைத்து, பின்னால் பிரித்துவிட உள்ளே துணி விட்டுத் தைக்க ஒரு மீட்டர் வேண்டும். அதனால்தான் அந்தத் துண்டுகள் தைக்கப்படாமல் வீடு வீடாகச் சுற்றுகின்றன. நான் கொடுத்த துண்டே இரண்டு வருடம் கழித்து எனக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையை வைத்துக் கண்டுபிடித்தேன். என்னிடம் 63 துண்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் நாடா கோத்துச் சுருக்குப் பையாகத் தைத்துவிட்டேன். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு இப்போது தாம்பூலம் அதில்தான். சுற்றத்தான் செய்கிறது, ஆனால் சில்லறை போட்டுக்கொள்ளவாவது ஆகும்.

நைந்த பருத்திப் புடவையும் வேட்டியும் குப்பையில்லை. கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்துக் கொடுத்தால், பிள்ளை பெற்ற வீட்டில் கையோடு வாங்கிக்கொள்வார்கள். சிந்தெடிக் புடவை அப்படியில்லை. தண்ணீரை இழுக்காது, தரை துடைக்கக்கூட உதவாது. உடுத்துகிற நிலையில் இருக்கும்போதே கொடுத்தால்தான் உண்டு. இன்னொன்று, கிழிந்ததைத் தானம் என்று கொடுக்காதீர்கள். பொத்தான் போன சட்டைக்குப் பொத்தான் வைக்க ஐந்து நிமிஷம் ஆகுமா?

பட்டுப் புடவையை மட்டும் அவசரப்பட்டு யாரிடமும் நீட்ட வேண்டாம். அசல் சரிகை என்றால் பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியிருப்பார்கள். வாசலில் கூவி வருகிறவர் சொல்கிற விலைக்குப் போடாமல், கடையில் உரசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வைத்துக்கொள்வதானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். என் கல்யாண ஆரணிப் பட்டு, மடித்த கோட்டிலேயே இற்றுப்போனது இதைச் செய்யாததால்தான்.

அடுத்து காகிதம். ஊர்ப் பெயருக்கு ஏற்ற மாதிரி அதுவும் எங்களிடம் நிறைய. கல்யாணப் பத்திரிகை, பாடப் புத்தகம், கரண்ட் பில் எல்லாம் ஒரே கட்டில் இருக்கும். கட்டாகத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். நான் உதறாமல் போட்டதில் மகனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எடைக்குப் போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்குக் கடைக்கு ஓடினோம். லோடு ஏற்றவில்லை, பிழைத்தோம். வீட்டுப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது இவற்றுக்கு ஒரே பெட்டி. அது பரணில் இருக்கக் கூடாது, பீரோவில் இருக்க வேண்டும். கடைகளில் வழவழவென்று ஒரு தாளில் பில் தருகிறார்களே, அதில் எழுத்து வெளுத்துவிடும். கியாரண்டி உள்ள சாமானின் பில்லை அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

சாமி படம் போட்ட காலண்டரையும் பத்திரிகையையும் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். கொண்டுபோய் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தால் மழையில் நனைந்து யார் காலிலோதான் மிதிபடும். நான் வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, கூழாகக் கரைத்து, செம்பருத்திச் செடிக்கு அடியில் ஊற்றுகிறேன். பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் கரையாது, முதலிலேயே உரித்துவிட வேண்டும். போகியில் எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகை தெருவிலேயே தங்கி, அத்தைக்கு இருமல் நிற்கப் பொங்கல் முடிந்துவிடும்.

அத்தை என் மாமியார். வயது 81. பரணில் பாதி அவருடையது. 2011 திட்டத்தில் அரசு கொடுத்த கிரைண்டர் பெட்டி பிரிக்காமல் இருந்தது, கீழே இன்னொரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஏம்மா, அது இன்னா உன்கிட்ட சோறா கேக்குது? இருந்துட்டுப் போவட்டும்."

வயதானவர்களிடம் "இது வேண்டுமா" என்று கேட்டால் வேண்டும் என்றுதான் பதில் வரும். "இதை யாருக்குக் கொடுக்கலாம்" என்று கேளுங்கள். நான் மறுநாள் அப்படிக் கேட்டேன். என்னிடம் காஜா எடுக்க வருகிற பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணமாகி இருந்தது. அத்தையே அவள் பெயரைச் சொன்னார். அவர் கண்ணில் படாமல் எதையும் அனுப்பாதீர்கள். ஒருமுறை அது தெரிந்துவிட்டால், அப்புறம் கிழிந்த பாயைக்கூட விட மாட்டார்.

பித்தளையில் பேர் வெட்டிய பாத்திரம் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மற்றதை இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுப் போடுங்கள், எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கடையில் எனக்கு இரண்டு கிலோ குறைந்தது.

நான் கை வைக்காத ஒரே இடம் பிளாஸ்டிக் குடங்கள். பதினாறு. இந்த ஊரில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்ட காலம் அத்தைக்கு மறக்கவில்லை. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் மறக்கவில்லை. விரிசல் விட்ட ஆறை மட்டும் அவரையே பார்த்துப் பிரிக்கச் சொல்லி எடைக்குப் போட்டேன். மீதிப் பத்து, இடத்தை அடைத்துக்கொண்டு பின்கட்டில் கவிழ்ந்திருந்தன.

போன கோடையில் தெருவில் குழாய் உடைந்து ஆறு நாள் தண்ணீர் இல்லை. ஏழாம் நாள் விடியற்காலை லாரி ஹாரன் கேட்டது. நான் எழுந்து வருவதற்குள் அத்தை பத்துக் குடத்தையும் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, முதல் குடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.