புதிய அமெரிக்க நாடகங்களை வாசிக்கப் பழகுவது எப்படி?

நாடகம் என்றால் பார்க்க வேண்டியது, வாசிக்க வேண்டியதில்லை என்பார்கள். நியாயம்தான். ஆனால் நியூயார்க்கில் ஓடும் நாடகத்துக்கு நம்மில் எத்தனை பேர் டிக்கெட் எடுக்க முடியும்? கைக்கு வருவது அச்சான பிரதி மட்டும்தான். அதை வாசிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும்.

நான் முதலில் வாங்கியது ஆன்னி பேக்கரின் 'தி ஃப்ளிக்'. நாவல் மாதிரி ஒன்றரை மணி நேரத்தில் படித்து முடித்தேன். "ரெண்டு பேர் தரையைப் பெருக்குகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?" என்று அலமாரியில் தள்ளிவிட்டேன். தப்பு என்னுடையது என்று புரிய இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதல் படி: மூன்று போதும்

புலிட்சர் பரிசு பத்திரிகைத் துறைக்கு மட்டுமல்ல, நாடகத்துக்கும் உண்டு. அந்தப் பட்டியலை ஒரு சல்லடையாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கியதெல்லாம் பிடித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. என் சிபாரிசு இந்த வரிசை: சனாஸ் டூஸியின் 'இங்கிலிஷ்' (பரிசு 2023), லின் நாட்டேஜின் 'ஸ்வெட்' (2017), கடைசியில் 'தி ஃப்ளிக்' (2014). மூன்றுமே பேச்சு நடையில் போவதால் அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்காது.

இரண்டாம் படி: வசனத்துக்கு முந்தைய பக்கங்களைத் தாண்டாதீர்கள்

பாத்திரப் பட்டியல், இடம், காலம், ஆசிரியர் குறிப்பு. நாம் வழக்கமாகப் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் இவை. 'இங்கிலிஷ்' நாடகத்தில் அப்படிச் செய்தால் ஒன்றுமே புரியாது.

கதை நடப்பது 2008இல், ஈரானின் கராஜ் நகரில், டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயார் செய்யும் ஒரு வகுப்பறையில். ஆசிரியை மர்ஜான், நான்கு மாணவர்கள். மேடையில் கேட்பது ஏறக்குறைய முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் அது இரண்டு வகை. பாத்திரங்கள் தங்களுக்குள் பாரசீகத்தில் பேசும்போது, நடிகர்கள் தடங்கலே இல்லாத அமெரிக்க ஆங்கிலத்தில் பேசுவார்கள். பாத்திரங்கள் ஆங்கிலம் பேசும்போது அதே நடிகர்கள் உச்சரிப்பு இடற, சொல் தேடித் தேடிப் பேசுவார்கள். வாயைத் திறந்தால் யாரையும் விடாத எல்ஹாம், ஆங்கிலத்துக்கு மாறியதும் சின்னப் பிள்ளையாகிவிடுகிறாள். ரோயா என்ற மூத்த பெண்மணி கனடாவில் இருக்கும் பேத்தியோடு பேசுவதற்காக வகுப்புக்கு வருகிறார். பேத்தியின் பெயர் கிளேர். மகனுக்கு அவர் தொலைபேசியில் விட்டுவைக்கும் குரல் பதிவுகளை மெதுவாக வாசியுங்கள்.

ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த யாருக்கும் இந்த நாடகத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. முதலாவதாக இதை வைத்ததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாம் படி: கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது கண் வசனத்தில் மட்டும் ஓடும். மேடையிலோ, யாரும் பேசாவிட்டாலும் உடம்பு அங்கேதான் இருக்கிறது.

'ஸ்வெட்' நடப்பது பென்சில்வேனியா மாநிலத்தின் ரெடிங் நகரில். நாட்டேஜ் அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் போய்வந்து, மக்களிடம் பேசி எழுதிய நாடகம் இது. 2008இல் தொடங்கி 2000க்குத் திரும்பிப் போகிறது. காட்சிகளின் தலைப்பில் அன்றைய செய்தித் துணுக்குகள் இருக்கும், அவற்றையும் படியுங்கள். ஆலையில் வேலை செய்யும் தோழிகள் டிரேசி, சிந்தியா, ஜெஸ்ஸி ஒரு பாரில் கூடிக் குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். நம் கவனம் முழுக்க அவர்கள் மேல்தான். அதே பாரில் ஆஸ்கர் என்ற இளைஞன் எடுபிடி வேலை செய்துகொண்டிருக்கிறான். கொலம்பிய வம்சாவளி. அவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, வாசிக்கும் நாமும்தான். ஒரு பென்சிலை எடுத்து, அவன் மேடையில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். ஆலை நிர்வாகம் தொழிலாளர்களை வெளியே நிறுத்திய பிறகு அந்தப் புள்ளிகளுக்குத் திரும்பி வந்தால், கதை எங்கே தொடங்கியது என்பது தெரியும்.

நான்காம் படி: மௌனத்துக்கு நேரம் கொடுங்கள்

இப்போது 'தி ஃப்ளிக்'. மாசசூசெட்ஸில் ஒரு பழைய சினிமா தியேட்டர். மேடையில் இருப்பது வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள், அதற்கு மேலே ப்ரொஜெக்டர் அறை. திரை இருக்க வேண்டிய இடத்தில் பார்வையாளர்களான நாம். படம் விட்டதும் சாமும் ஏவரியும் வந்து சிந்திய பாப்கார்னைப் பெருக்குகிறார்கள். ஒரு வரிசை, அடுத்த வரிசை. நடுவில் இரண்டு வார்த்தை, மறுபடி துடைப்பத்தின் சத்தம்.

2013இல் நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறியபோது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பார்வையாளர்களில் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். ஏன் இந்த நாடகத்தைப் போடுகிறோம் என்று அரங்கின் கலை இயக்குநர் சந்தாதாரர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்த மூன்று மணி நேரத்தை நான் ஒன்றரை மணி நேரத்தில் விழுங்கியிருக்கிறேன்! நான் படிக்காமல் விட்ட பாதியில்தான் நாடகம் இருந்தது.

என்ன செய்யலாம்? செல்போனில் டைமரை எடுத்துக்கொள்ளுங்கள். மௌனம் என்று குறிப்பு வந்தால் பத்து விநாடி புத்தகத்திலிருந்து கண்ணை எடுங்கள். பெருக்குகிறார்கள் என்று வந்தால் ஒரு நிமிடம். முதலில் அசட்டுத்தனமாக இருக்கும். நான்கைந்து முறைக்குப் பிறகு, அந்த ஒரு நிமிடம் ஏவரி எதையோ சொல்ல வந்து விழுங்கியது மாதிரி கேட்க ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு நாடகாசிரியருக்கும் ஒவ்வொரு குறியீடு உண்டு. சூசன் லோரி பார்க்ஸின் பிரதிகளில் வசனமே இல்லாமல் பாத்திரங்களின் பெயர்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அச்சுப்பிழை அல்ல, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வசனத்தின் நடுவே சாய்கோடு வந்தால், பெரும்பாலும் அடுத்தவர் அங்கேயே குறுக்கிட்டுப் பேச ஆரம்பிக்கிறார் என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: வீடியோவைக் கடைசியில் தேடுங்கள்

முழு நாடகப் பதிவுகள் இணையத்தில் அதிகம் கிடைக்காது. அரங்குகள் வெளியிடும் இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள் யூடியூபில் உண்டு. படித்த பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்தால் உங்கள் தலைக்குள் இருக்கும் ஏவரிக்கு அந்த நடிகரின் முகம் ஒட்டிக்கொள்ளும்.

அதைவிட நல்லது, நண்பர்களைக் கூட்டிப் பாத்திரம் பிரித்துச் சத்தமாக வாசிப்பது. வீட்டுக்குள் வாசிக்க யாரையும் கேட்க வேண்டாம். பொது நிகழ்ச்சியாக நடத்துவதாக இருந்தால், இலவசமாக இருந்தாலும், உரிமம் வேண்டுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். யாரிடம் என்பது பொதுவாகப் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து 'இங்கிலிஷ்' வாசித்தோம். பாரசீக வசனங்களை அப்போதைக்கப்போது தமிழாக்கிக்கொண்டோம், ஆங்கில வசனங்களை ஆங்கிலத்திலேயே விட்டோம். எல்ஹாமாக வாசித்த தோழி தமிழில் எங்கள் எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தாள். ஆங்கில வரி வந்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது. நடிக்கவில்லையாம், அப்படித்தான் வந்ததாம்.

அடுத்த மாதம் 'தி ஃப்ளிக்'. பாப்கார்ன் வாங்கியாயிற்று. பெருக்கப்போவது யார் என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.